ஏழு புளியங்கொட்டை

மடப்பள்ளி மூலையில் திரும்பிவிட்டார்கள். முதலில் தாணுமாலயனின் வெள்ளை வேட்டி மறைந்தது, அப்புறம் என் ஆவுடையின் கத்தரிப்பூக் கலர் சேலை, கடைசியாக அவள் சிரிப்பு. சிரிப்பு மட்டும் மூலை திரும்ப நேரம் எடுத்துக்கொள்கிறது, மதிலில் பட்டு எனக்கென்று ஒரு துணுக்கை மிச்சம் வைத்துவிட்டுப் போகிறது. இனி ஆறு நிமிஷத்துக்கு எனக்குப் பெண்டாட்டி இல்லை. கொடிமரத்துப் பக்கத்துக் கல்படியில் நான், நீட்டி வைத்த வலது கால், வீங்கின முட்டு, வலது உள்ளங்கையில் ஏழு புளியங்கொட்டை. இதுதான் ஏற்பாடு. சர்க்கரைக்கு நாற்பது நிமிஷம் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாள், நடக்கிறதுதான் நடக்கிறோம், சாமியையும் சுற்றினதாக இருக்கட்டும் என்று இவள் கோயில் வெளிப்பிரகாரத்தைப் பிடித்தாள், ஒரு சுற்று ஆறு நிமிஷம், ஆக ஏழு சுற்று. போன தை வரைக்கும் நானும் கூடத்தான் நடந்தேன். முட்டு வீங்கின பிறகு எனக்கு உத்தியோகத்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள். வேண்டுதலுக்கு நூற்றெட்டு சுற்றுகிறவர்கள் படியில் கொட்டை வைத்து எண்ணுவார்கள் இல்லையா, அந்தப் படிக்குப் பதிலாக நான். என்னைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்ற வேண்டும். ஏழும் இடது கைக்கு வந்ததும் 'ஏழு' என்று சொல்ல வேண்டும். சொன்னால் நிற்பாள். இந்த வயதில் நான் சொல்லி அவள் நிற்கிற இடம் உலகத்தில் இது ஒன்றுதான், அதையும் நான் யோக்கியமாக வைத்துக்கொள்ளவில்லை.

தாணுமாலயன் வந்து இருபத்தைந்து நாள் ஆகிறது. நாகர்கோவில்காரர், சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி தவறிப்போய் மகள் வீட்டோடு இங்கே வந்து சேர்ந்தவர். அறுபத்தெட்டு என்கிறார். தலைமுடி முழுசாக இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட முடியவில்லை. முதல் நாள் என்னைக் கும்பிட்டு 'அண்ணாச்சி' என்றார், நல்ல மனுஷன் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் ஆவுடையைப் பார்த்து 'மைனி' என்றார். அண்ணாச்சி பெண்டாட்டி மைனிதான், முறையில் குற்றம் சொல்ல வழியில்லை, அங்கேதான் அந்த ஆளின் கெட்டிக்காரத்தனம். கொழுந்தன் மைனியைக் கேலி பண்ணலாம், மைனி சிரிக்கலாம், அண்ணன்காரன் படியில் உட்கார்ந்து கொட்டை எண்ணலாம். சுற்ற வந்த ஆள் மூன்றே நாளில் சுற்றம் ஆகிவிட்டார். அந்தச் சொல்லையே எனக்கு இப்போது பிடிக்கவில்லை. சாமியைச் சுற்றினால் புண்ணியம், பெண்ணின் பின்னால் சுற்றினால் செருப்படி, ஊரைச் சுற்றினால் உதவாக்கரை, தலை சுற்றினால் ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள், எது எந்த இடத்தில் என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். இப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் எதைச் சுற்றிக்கொண்டிருக்கிறார். சர்க்கரையையும் புண்ணியத்தையும் இவள் ஒரே நடையில் முடித்துக்கொள்கிற மாதிரி அவரும் சாமியையும் இவளையும் ஒரே நடையில் முடித்துக்கொள்கிறாரோ என்னவோ. எதிர்வீட்டுச் செண்பகம் சொல்கிறாள், 'ஆச்சி ஒரு சுத்து இளைச்சிட்டாக, பாக்க நல்லாருக்கு' என்று. நல்லாருக்கிறது யாருக்கு. எழுபது வயதில் ஒரு சுற்று இளைத்து, கொசுவத்தை இறுக்கிச் செருகி, போன வாரம் புதுசாக ஒரு ரப்பர் கிளிப் வாங்கிக் கொண்டையில் போட்டிருக்கிறாள். நான் கேட்டேன், முடி உதிருது என்றாள். முடி உதிர்ந்தால் கிளிப் எதற்கு, இருக்கிற முடிக்குத்தானே கிளிப்.

பைரவர் மூலையில் வெள்ளை தெரிகிறது. வருகிறார்கள். அந்த மூலையிலிருந்து என் படி வரைக்கும் இருபது எண்ணலாம், படியிலிருந்து மடப்பள்ளி வரைக்கும் இன்னொரு இருபது. ஆறு நிமிஷத்தில் எனக்குக் கிடைக்கிற பங்கு இவ்வளவுதான். நான் எதிர்ச்சுற்றாக நடந்தால் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை முகத்துக்கு முகம் பார்க்கலாம், ஆனால் கோயிலில் இடப்பக்கமாகச் சுற்றினால் பாவம், எவனோ பெண்டாட்டியைத் தனியாக அனுப்பாதவன் போட்ட சட்டம். 'அப்பம் மைனி என்ன சொன்னிய?' என்கிறார் அவர். 'நான் என்னத்தச் சொல்ல, வாயப் பொத்திக்கிட்டேன்' என்கிறாள் இவள். எதற்கு, யாரிடம், ஒன்றும் தெரியவில்லை, தாண்டிவிட்டார்கள். தாண்டும்போது விரலை மட்டும் லேசாகத் தூக்கிக் காட்டினாள், ஒன்று என்று. ஒரு கொட்டை இடது கைக்குப் போகிறது. ஒன்று. எனக்கு எண்ணச் சொல்லித் தர வேண்டாம். நாற்பத்தியொரு வருஷம் பம்புசெட்டு மோட்டாருக்கு ஒயிண்டிங் கட்டினவன் நான். செம்புக் கம்பியைக் கைமிஷினில் சுற்றும்போது ஸ்லாட் என்கிற ஒரு காடிக்கு ஐம்பத்திரண்டு சுற்று என்றால் ஐம்பத்திரண்டுதான், குறைந்தால் கரண்டை அதிகமாகக் குடித்து மோட்டார் எரிந்துபோகும். எண்ணிக்கொண்டிருக்கும்போது யார் கூப்பிட்டாலும் இடது கை விரலைத் தூக்கிக் காட்டுவேன், பொறு என்று. மூத்தவன் பிறந்த சேதியைக் கடைக்கு வந்து சொன்னபோது முப்பத்தேழில் இருந்தேன். விரலைத் தூக்கிவிட்டேன். ஐம்பத்திரண்டு முடிந்த பிறகுதான் 'ஆணா பொண்ணா' என்று கேட்டேன். அதை இன்றைக்கும் சொல்லிக் காட்டுகிறாள். தாமிரபரணிக் கரையில் ஒரு பண்ணையாருக்கு நான் கட்டின பத்துக் குதிரை மோட்டார் அவர் கிணற்றை உறிஞ்சி, பக்கத்துக் கிணற்றை உறிஞ்சி, அப்புறமும் அடங்காமல் ஆற்றையே அரை மணி நேரம் மேற்கே திருப்பி ஓட வைத்தது, படித்துறையில் குளித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் பாபநாசத்தில் போய்க் கரையேறினார்கள். இதை நான் சொல்லும்போது ஊரே சிரிக்கும். ஆவுடை மட்டும் 'காதுல பூ சுத்தாதிய' என்று அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள்.

இந்நேரம் மேற்கு மதிலுக்கு வந்திருப்பார்கள். அங்கே வில்வமரத்து நிழல், ஆள் நடமாட்டம் கிடையாது, கால் சூடு தணியட்டும் என்று அங்கே கொஞ்சம் மெதுவாக நடப்பாள், நான் கூட நடந்த காலத்தில் அப்படித்தான் நடந்தாள், ஒரு தரம் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்று காலில் குத்தின முள்ளை எடுத்தாள். இப்போது முள் குத்தினால் எந்தத் தோள். இந்த இடத்தில்தான் எனக்கு ஒவ்வொரு நாளும் புத்தி கெடுகிறது. பதினோரு நாளைக்கு முன்னால், சரியாக இவர்கள் மேற்கு மதிலில் இருக்கும் நேரம், ஒரு கொட்டை தானாக இடது கைக்குப் போயிற்று. தானாக என்றா சொன்னேன், சரி, போகட்டும். அன்றைக்கு ஆறு சுற்றில் 'ஏழு' என்றேன், நின்றுவிட்டாள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆறு நிமிஷம் லாபம். மறுநாள் இரண்டு கொட்டை. அதிலிருந்து தினமும் அஞ்சே சுற்றுதான், பன்னிரண்டு நிமிஷம் நான் அந்த ஆளிடமிருந்து பறித்துக்கொள்கிறேன். வீட்டுக்குக் கூட்டிப் போகும் வழியெல்லாம் மனது குளுகுளுவென்று இருக்கும். இன்றைக்குக் காலையில் ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. போன மாதம் வெறும் வயிற்றில் நூற்று நாற்பது, இந்த மாதம் நூற்றெண்பத்திரண்டு. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் சொன்னாள், 'கொய்யாப்பழம் தின்னுருக்கப்பிடாதோ?' ஒரே ஒரு கொய்யாப்பழம், அதுவும் போன வெள்ளிக்கிழமை, அதில் பாதியை எனக்குக் கொடுத்தாள். காலையில் இரண்டு தோசையை ஒன்றாக்கிவிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து மூன்று தின்றேன், ஒன்றும் இறங்கவில்லை, ஆனாலும் மூன்று தின்றேன். அவள் அக்காவுக்குக் கால் கட்டைவிரலில் நகச்சுற்று என்றுதான் ஆரம்பித்தது, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டிக்கொண்டு நாலு நாள் சும்மா இருந்தாள், சர்க்கரை என்று யாருக்கும் தெரியாது, கடைசியில் இரண்டு விரலை எடுத்தார்கள், அப்புறம் பாதம். அந்தப் பாதம் இல்லாத சேலைக் கரை கட்டிலில் தொங்கினது என் கண்ணில் இருக்கிறது. ஆகவே இன்றைக்கு ஏழு. வரும்போதே சாமிக்கு முன்னால் சொல்லிக்கொண்டு வந்தேன், இன்றைக்கு ஏழுக்கு ஏழு, ஒரு கொட்டைகூட முந்தக் கூடாது.

இரண்டு. இந்தத் தடவை என்னைப் பார்க்கக்கூட இல்லை, விரல் மட்டும் பார்த்தது. அவர் பார்த்தார், 'அண்ணாச்சி, முட்டுக்குத் தவிட்டு ஒத்தடம் குடுங்க' என்று சொல்லிக்கொண்டே போனார், என் முட்டு அவருக்கு என்ன, அவர் முட்டு இரண்டும் கோயில் தூண் மாதிரி இருக்கிறது. இரண்டு கொட்டை இடது கையில், அஞ்சு வலது கையில். மேற்கு மதில். மூன்றாவது கொட்டை நகர்கிறது. இல்லை, திரும்ப வா. வந்துவிட்டது. அவள் அக்காவின் சேலைக் கரை. வில்வமர நிழல். போகிறது. வா. மூன்றாவது தடவையாக வருகிறார்கள், அவள் பேசிக்கொண்டு வருகிறாள், கையை வேறு ஆட்டி ஆட்டி, எனக்கு எதிரே அவள் இப்படிக் கை ஆட்டிப் பேசி வருஷம் எத்தனை ஆயிற்று. 'பைப்புக்குள்ள போன கெளுத்தி இல்லா, உள்ள இம்பெல்லரு விசிறி சுத்துத சுத்துல அதும் சேந்து சுத்தி, வயலுப் பக்கம் வந்து விழுகையில மீசை ரெண்டும் சடை பின்னுன மாதிரி பின்னிக்கிட்டு வந்துச்சாம்.' அவர் நின்றேவிட்டார், 'பொறவு மீனு என்ன ஆச்சி மைனி?' 'பொறவு என்ன, ரிப்பன் வேணும்னு கேட்டுச்சாம்.' இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு மடப்பள்ளியைத் தாண்டினார்கள்.

அது என் மீன். என் கெளுத்தி. நாற்பது வருஷமாக நான் வளர்த்த மீன், நான் சொன்னால் 'ஆயிரத்தோராவது தரம்' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள், அதை எடுத்துக்கொண்டு போய் அந்த ஆளுக்குப் பொரித்துப் போடுகிறாள். அதோடு அந்த ரிப்பன். ரிப்பன் என் கதையில் இல்லை. நான் மீசை பின்னினதோடு நிறுத்திவிடுவேன். ரிப்பன் நன்றாக இருக்கிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல், நாற்பது வருஷம் எனக்குத் தோன்றாத ரிப்பன் அவருக்குச் சொல்லும்போது இவளுக்குத் தோன்றியிருக்கிறது. எந்தக் கதையெல்லாம் கொடுத்திருக்கிறாள். ஆறு மேற்கே ஓடின கதையையும் கொடுத்துவிட்டாளா. அவள் அப்பா மோட்டார் கதை, அதை மட்டும் கொடுத்திருக்கக் கூடாது. அவள் அப்பாவின் தோட்டத்து மோட்டார் ஒரே வருஷத்தில் மூன்று தடவை எரிந்தது. மூன்று தடவையும் நான்தான் கட்டினேன், மூன்று தடவையும் ஸ்லாட்டுக்கு நாலு சுற்று வேண்டுமென்றே குறைத்துக் கட்டினேன். எரிந்தால்தானே திரும்பக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால்தானே கிணற்றடியில் சொம்பில் மோர் கொண்டுவருகிற பெண்ணைப் பார்க்கலாம். நாற்பத்தியொரு வருஷத்தில் நான் எண்ணிக்கையில் செய்த களவாணித்தனம் அது ஒன்றுதான். கல்யாணமான புதிதில் அவளிடம் சொன்னேன். 'ஆத்தாடி, ரீல் சுத்துததுக்கு ஒரு அளவு வேண்டாமா' என்றாள். என் வாயிலிருந்து வந்ததில் அது ஒன்று நிஜம், அதை அவள் ஆற்றோடும் மீனோடும் சேர்த்துப் போட்டுவிட்டாள்.

நாலு. நாலுதானா. இடது கையில் அஞ்சு இருக்கிறது. மீனுக்கு முன்னால் போட்டது வந்ததா, போனதா. திரும்ப எடுத்தேனே, எடுத்தது இரண்டு தடவையா, மீன் வந்த கோபத்தில் மறுபடி போட்டேனா. இப்போது தாண்டிப் போனார்களே அதற்குப் போட்டுவிட்டேனா, இனிமேல் போட வேண்டுமா. உள்ளங்கை வேர்த்திருக்கிறது, கொட்டைகள் வழுக்குகின்றன, எல்லாம் ஒரே கருப்பு, எல்லாம் ஒரே வழுவழுப்பு. இப்படி ஆனதில்லை. பிள்ளை பிறந்த சேதிக்குக் கலையாத எண்ணிக்கை. சரி, நிழலை வைத்துக் கணக்குப் போடலாம், கொடிமர நிழல் வரும்போது அந்தக் கல்லில் இருந்தது, இப்போது இந்தக் கல்லில், ஆனால் வரும்போது எந்தக் கல் என்று யார் பார்த்தது, நான் ரப்பர் கிளிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகும்போது அவர் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார், அதையும் பார்த்தேன். 'மைனி, இதுல நம்ம நடக்கதெல்லாம் ஏறும் பாத்துக்கிடுங்க, நேத்துத்தான் பேரன் போட்டுத் தந்தான்.' என்ன ஏறும். எல்லாம் ஏறுமா. நேற்றைய அஞ்சும் ஏறியிருக்குமா. ஊரை அளந்த மனுஷன், ஒரு பிரகாரத்தை விடுவாரா. இப்போது மேற்கு மதிலில் இரண்டு பேரும் ஒரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், தலையும் தலையும் முட்டுகிற மாதிரி. ஒரு கொட்டை. இன்னொரு கொட்டை. எது எங்கே போகிறது என்று தெரியாமல் விரல்கள் பாட்டுக்கு வேலை செய்கின்றன. பைரவர் மூலையில் வெள்ளை. என் வலது கை காலியாக இருக்கிறது.

எனக்கு எதிரே வந்து நின்றாள். "எத்தனை?"

"ஏழு" என்றது என் வாய்.

தாணுமாலயன் போனைத் தூரமாகப் பிடித்து, கண்ணைச் சுருக்கினார். "அஞ்சுல்லா வருது மைனி. ஒரு சுத்து நானூத்தி இருபது மீட்டரு, நான் சங்கிலி போட்ட மாதிரி அளந்து வச்சிருக்கேன். இதுல ரெண்டாயிரத்து நூறுதான் காட்டுது."

"ஒங்க போனுக்கு என்ன தெரியும் தம்பி" என்றாள். "நீங்க நடந்துக்கிட்டு இருங்க. நான் இவுக கூட செத்த உக்காந்துட்டு வாரேன்."

அவர் என்னைப் பார்த்து, போனைப் பார்த்து, நடந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் வீங்கின முட்டின் மேல் கையை வைத்தாள். கை சூடாக இருந்தது.

"அஞ்சுதான்" என்றாள். "எனக்கும் எண்ணத் தெரியும். மொத நாளு ஆறு, பொறவு பத்து நாளா அஞ்சுதான்."

"தெரிஞ்சா பின்ன ஏன் நிக்க?"

"முட்டு வலி தாங்காமத்தான் கொட்டைய மாத்துதியன்னு நெனச்சேன். இந்தக் கல்லுல முக்கா மணி நேரம் உக்காருதது லேசா. வலிக்குன்னு வாய் தொறந்து சொல்ல மாட்டிய, ஆம்பளைக்குக் கொறைச்சலு. சரி, சீக்கிரம் வீட்டுக்குப் போட்டும்னு நின்னுக்கிட்டேன்."

நூற்றெண்பத்திரண்டு. ஒற்றைத் தோசை. அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்த முகம். என் முட்டுக்காக. ஆயுசு முழுக்கப் பொய்யை நானே நூற்று நானே சுற்றினவன், இன்றைக்கு முதல் தடவையாக வேறொரு ஆள் எனக்காக ஒரு பொய்யைச் செய்து, தேய்த்து, மடித்து, கையில் கொடுக்கிறாள். நான் செய்ததை விட நல்ல பொய். தலையை ஆட்டினால் போதும், கூடக் கொஞ்சம் முனகினால் தவிட்டு ஒத்தடம்கூடக் கிடைக்கும். தலையை ஆட்டத்தான் போனேன்.

"முட்டு வலி இல்லட்டி" என்றேன்.

"பின்ன?"

"அந்த ஆளு கூட நீ சிரிச்சிக்கிட்டுப் போறது பொறுக்கல."

என்னைப் பார்த்தாள். பிறகு கொடிமரத்தைப் பார்த்தாள், அதுவும் ஏதோ சொல்லிற்றோ என்கிற மாதிரி. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்து, தோள் குலுங்கி, கண்ணில் தண்ணீர் வர. "எழுவத்தாறு வயசுல. யாருகிட்ட விடுதிய. மீன் கதைய விட இது நல்லாருக்கு."

"சாமி சத்தியமா."

"பூ சுத்தாதிய" என்றாள், மறுபடி சிரித்தாள். என் இடது கையை விரித்து இரண்டு கொட்டையை எடுத்து வலது கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள். "ரெண்டு பாக்கி. ஒழுங்கா எண்ணுங்க." எழுந்து நாலு எட்டு நடந்தாள். நின்றாள். அப்படியே திரும்பாமல் நின்றாள். மெதுவாகத் திரும்பினாள், முகத்தில் சிரிப்பு இல்லை.

"அப்பம் எங்க அப்பா மோட்டாரு?"

"ஸ்லாட்டுக்கு நாலு சுத்து கம்மி" என்றேன். "மூணு தடவையும்."

முந்தானையை இழுத்து இடுப்பைச் சுற்றிச் செருகினாள், நடந்தாள், மடப்பள்ளி மூலையில் திரும்பினாள். சேலை மறைந்தது. ஒரு சத்தமும் இல்லை. ஐம்பது வருஷத்துப் பொய்யை விட்டுவிட்டுச் சொன்ன இந்த ஒரு நிஜத்துக்கு எனக்கு என்ன கிடைக்கப் போகிறது. அப்புறம் கேட்டது. மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து, தனியாக, பக்கத்தில் யாருமில்லாமல், அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் அவள் சிரிக்கிற சத்தம், கிணற்றடியில் மோர்ச் சொம்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பி ஓடின பெண் தென்னைக்குப் பின்னால் நின்று சிரித்தாளே, அது. போகப் போகத் தேய்ந்து, மேற்கு மதில் பக்கம் மறுபடி ஒரு தடவை வெடித்தது.

தாணுமாலயன் சுற்றை முடித்துக்கொண்டு வேர்வையைத் துடைத்தபடி வந்து படியில் உட்கார்ந்தார். "எனக்குப் பொறத்தால மைனி ஒத்தையில சிரிச்சிக்கிட்டு வாராக அண்ணாச்சி. என்னத்தச் சொன்னிய?"

"ஒரு கதை."

"என்ன கதை? எங்கிட்டயும் சொல்லுங்களேன்."

நான் இடது கை விரலைத் தூக்கிக் காட்டினேன், பொறு என்று. வலது கைக்குள் இரண்டு கொட்டையும் பத்திரமாக இருந்தன. ஒன்றைக்கூட நகர்த்தவில்லை. அவள் இன்னும் வந்து சேரவில்லை.